அப்பா போய் எட்டு மாதம்: 71 வயது அம்மாவுக்கு உளவளத்துணை உதவுமா?

திருகோணமலை நகரில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. அப்பா இறந்து எட்டு மாதம். அம்மாவுக்கு 71 வயது, சாம்பல்தீவு வீட்டில் தனியாக இருக்கிறார். மகளோடு வந்து இருக்கச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது, கோயிலுக்குப் போவதில்லை. கனடாவில் இருக்கும் மகன் வீடியோவில் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் “சரி, வைக்கிறன்” என்று விடுகிறார். அப்பா முற்றத்தில் நடக்கும் சத்தம் கேட்கிறது என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார். நித்திரைக்குக் குளிசை கொடுக்கிறார்கள். சொந்தக்காரர் சொல்வது, “வயசு போனால் துக்கம் கூடவே வரும், அதுக்கெல்லாம் கவுன்சிலிங்கா?” அவர்கள் சொல்வது சரியா என்பதுதான் கேள்வி.

சரியில்லை, தங்கச்சி. துக்கத்தில் சிக்கிக்கொண்ட வயதானவர்களை வைத்தே நடத்திய ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் கேத்தரின் ஷியரின் குழு 2014இல் அதை வெளியிட்டது. 50 வயதும் அதற்கு மேலுமான 151 பேர், சராசரி வயது 66. ஒரு பகுதியினருக்குத் துக்கத்துக்கென்றே வகுத்த சிகிச்சை, மற்றப் பகுதியினருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை. இரண்டும் 16 அமர்வுகள். முதல் பகுதியில் 100க்கு 70 பேர் தேறினார்கள், மற்றதில் 32 பேர். இரண்டு பகுதிக்கும் பேச ஆள் கிடைத்தது, அதே அளவு நேரமும் கிடைத்தது. ஆனாலும் துக்கத்தையே தொட்டு வேலை செய்தபோது இரு மடங்குக்கு மேல் பலன் வந்திருக்கிறது. ஆகவே வயது தடையில்லை. “கொஞ்சம் கதைச்சுப் பார்ப்பம்” என்பது மட்டும் எல்லோருக்கும் போதாது.

உங்கள் அம்மாவுக்கு அந்தச் சிகிச்சை தேவையா என்பது வேறு கேள்வி. துக்கப்படுகிற எல்லோருக்கும் சிகிச்சை வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது. உளநோய் எதுவும் இல்லாமல் துக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாக உளச்சிகிச்சை கொடுக்க வேண்டாம் என்கிறது. பெரும்பாலானவர்கள் சொந்தம், அயல், கோயில், வேலை என்று பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பிவிடுவார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் எழும்ப முடியாமல் நின்றுபோகிறார்.

நம் ஊர் வழக்கம் முதல் 31 நாளை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. வீடு நிறைய ஆட்கள், அயலிலிருந்து சாப்பாடு, எட்டுச் செலவு, அதற்குப் பிறகு அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று ஐதீகம். இன்றைக்கும் நம் ஆட்கள் அந்தியேட்டிக்கு அங்கே போகிறார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் தாய்மாருக்குக் கணவர் இறந்தபின் ஒதுங்கி இருக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அழுவதற்கும் ஒதுங்கி இருப்பதற்கும் ஒரு காலத்தை ஊரே ஒதுக்கிக் கொடுப்பது பெரிய விஷயம். ஆனால் 31 முடிந்ததும் வாடகைக் கதிரைகளை ஏற்ற லொறி வரும். அதோடு ஆட்களும் போய்விடுவார்கள். நான் பார்த்த அம்மாமாரில் பலருக்குத் தனிமை உறைக்கத் தொடங்கியது அந்த லொறி போன பிறகுதான்.

காலக்கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2022இல் நடைமுறைக்கு வந்தது, நீடித்த துக்கத்தை ஒரு தனி நிலையாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்க்கையைக் குலைத்து, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி நின்றால்தான் அந்தப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறது. உங்கள் அம்மா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அதனால் நோய்ப் பெயர் ஒட்ட நான் அவசரப்படமாட்டேன். ஆனால் போன மாதத்தைவிட இந்த மாதம் எப்படி என்று பாருங்கள். கொஞ்சமாவது அசைகிறாரா, அல்லது அதே இடத்தில் நிற்கிறாரா, இன்னும் சுருங்கிப் போகிறாரா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சுருங்கிக்கொண்டு போகிறார் என்றே எனக்குப் படுகிறது. அதனால் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

முற்றத்துச் சத்தத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் எழுதினார். இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ, உருவத்தைக் கண்டதாகவோ ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. உங்கள் அம்மா உங்களிடம் சொன்னதே நல்ல அறிகுறி. “என்ன மாதிரிக் கேட்டது, அம்மா?” என்று கேளுங்கள். செருப்புச் சத்தமா, இருமலா? கேட்டால் சொல்வார். “அது மனப்பிரமை” என்றால் அதோடு வாய் மூடிவிடும். அந்தச் சத்தம் அவரைத் திட்டுகிறது, கட்டளை இடுகிறது, பயமுறுத்துகிறது என்றால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நித்திரைக் குளிசை எனக்குக் கவலை தருகிறது. நீங்கள் பெயர் எழுதவில்லை. டயசிபாம் வகை என்றால், அதே 2013 வழிகாட்டல் துக்கத்துக்காக அந்த வகையைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. வயதானவருக்கு அது தள்ளாட்டம், மறதி, பழக்கமாகிவிடுதல் எல்லாம் கொண்டுவரும். இரவில் மலசலகூடத்துக்கு எழும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு துக்கத்தைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது. ஆனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கனநாள் எடுத்தவருக்குத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்கலாமா என்று கேளுங்கள். மனச்சோர்வு மருந்து வேறு வகை. அது துக்கத்தைத் தீர்க்குமா என்று ஷியரின் குழு 395 பேரிடம் பார்த்து 2016இல் எழுதியது. துக்கத்துக்கு அந்த மருந்து பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. கூடவே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு, சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது, அந்தச் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. ஆகவே அம்மாவுக்கு மனச்சோர்வும் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். துக்கத்தில் ஏக்கம் ஒருவரை நோக்கி இருக்கும், அவரைப் பற்றிய நல்ல கதை வந்தால் முகம் ஒரு நிமிடம் மலரும். சோர்வில் எதிலும் பிடிப்பிருக்காது, தன்னையே வெறுக்கத் தோன்றும். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. தைரொயிட், இரத்தச்சோகை, சீனி, விற்றமின் பி12 குறைவு ஆகியவையும் இதே முகத்தைக் காட்டும் என்பதால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காது மந்தமா என்றும் பாருங்கள். அண்ணாவின் அழைப்பை இரண்டு நிமிடத்தில் வைப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

“நெஞ்சை அடைக்குது” என்று அம்மா சொன்னால் அது ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடது அறை ஊதிப் பலவீனமாகும் ஒரு நிலை உண்டு. 1990இல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள், ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடியின் வடிவம் என்பதால் டகோட்சுபோ என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வரும். ஒரு ஈசிஜி எடுத்துவிட்டு, பிறகு ஏக்கத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

இனி சிகிச்சை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்கட்டும் 1999இல் சொன்ன கருத்து எனக்கு இந்த வேலையில் மிகவும் உதவியது. துக்கப்படுகிறவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, போனவரை நினைத்து அழுவது, ஏங்குவது. மற்றது, அவர் இல்லாமல் நடக்க வேண்டிய வாழ்க்கையைப் பழகுவது. இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருப்பதுதான் ஆரோக்கியம், ஊஞ்சல் மாதிரி. ஒரு பக்கத்தில் நின்றுவிட்டால்தான் சிக்கல். ஐந்து கட்டம் என்று பலரும் சொல்வார்களே, மறுப்பு, கோபம் என்று தொடங்குவது, அது குப்லர்-ரோஸ் 1969இல் சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து எழுதியது. துக்கம் அப்படி வரிசையில் வராது. “அம்மா இப்ப எந்தக் கட்டத்தில?” என்று தேட வேண்டாம்.

இரண்டாவது வேலையை நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. ஒரு அம்மாவின் கதை சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கணவர் இறந்த மூன்றாம் மாதம் பிரஷர் எகிறிப்போனது. எல்லோரும் “யோசினை” என்றார்கள். நான் வீட்டுக்குப் போனபோது மேசையில் ஒரு பழைய பிஸ்கட் பேணி. அதற்குள் நான்கு விதமான குளிசை அட்டைகள், சிலது முழுதாக, சிலது பாதி வெட்டி. எது காலை, எது இரவு என்று அவருக்குத் தெரியவில்லை. 22 வருடமாகக் கணவர்தான் காலையிலும் இரவிலும் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் போன பிறகு அந்த அம்மா குத்துமதிப்பாக எடுத்திருக்கிறார். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். “கேட்டால் அவர் இல்லையெண்டு ஆயிடுமே” என்றார். அந்தப் பேணியின் முன்னால் இருந்துதான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். காலைக் குளிசைக்கு ஒரு சிவப்பு மூடிப் போத்தல், இரவுக்கு ஒரு நீலம். போத்தலில் போடப் போட அழுதார், அழ அழப் போட்டார். அன்று அந்த ஊஞ்சல் இரண்டு பக்கமும் ஆடியது.

ஆண்களுக்கு இது இன்னும் கடினம். மனைவி போனதும் பாணும் வாழைப்பழமுமாக நாளைக் கடத்தும் ஐயாமாரைக் கண்டிருக்கிறேன். கேட்டால் பசியில்லை என்பார்கள். சோறு வடிக்கத் தெரியாது, அதைச் சொல்லக் கூச்சம். அவர்களுக்கு நான் சோறு வடிப்பதில்தான் தொடங்குவேன்.

முதல் வேலைக்கு, அதாவது இழப்பை நேருக்கு நேர் பார்ப்பதற்கு, ஷியரின் சிகிச்சையில் முறையான படிகள் உண்டு. வாரம் ஒரு அமர்வு. ஒவ்வொரு நாளும் துக்கம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று குறித்து வைப்பார்கள். எழுத முடியாதவருக்கு நாங்கள் புளியங்கொட்டை கொடுத்திருக்கிறோம், கனமான நாளுக்கு ஐந்து, லேசான நாளுக்கு ஒன்று. தொடக்கத்திலேயே நெருங்கிய ஒருவரை ஒரு அமர்வுக்கு அழைப்பார்கள், அது நீங்களாக இருக்கலாம். பிறகு, அவர் இறந்ததைக் கேள்விப்பட்ட அந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார்கள். அதைப் பதிவு செய்து, வீட்டில் கேட்கச் சொல்வார்கள். கொடுமையாகத் தோன்றும். ஆனால் “நான் கொஞ்சம் முந்திக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்” என்ற முள் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் புதைந்திருக்கிறது. துணையோடு திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க முடியாது என்பது அவருக்கே பிடிபடும். இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் வீட்டில் முயல வேண்டாம்.

தவிர்க்கும் இடங்களுக்குப் போவது அடுத்த படி. ஒரு அம்மா கணவர் இறந்த ஆஸ்பத்திரி இருக்கும் வீதியால் 14 மாதம் போகவில்லை. ஆட்டோக்காரரைச் சுற்றிப் போகச் சொல்வார். அவருடைய சீனி கிளினிக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான். ஆகவே 14 மாதமாகக் கிளினிக்கும் இல்லை, காலில் புண். முதலில் பஸ்ஸில் அந்த வாசலைக் கடந்து போனார், யன்னல் பக்கம் இராமல். அடுத்த வாரம் யன்னல் பக்கம். பிறகு எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்தார். ஆறாவது வாரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளினிக் நம்பர் எடுத்தார். துக்கம் தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் கால் புண் ஆறியது, பேத்தியின் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு நடந்து போனார்.

வாழ்க்கைத் தரம் என்று பேசும்போது நான் இதைத்தான் நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்திடம் அதை அளக்க 26 கேள்வி கொண்ட சிறிய தாள் ஒன்று உண்டு. உடல், மனம், உறவு, சூழல் என்று நான்கு பக்கமும் பார்க்கும். நித்திரை, வலி, போக்குவரத்து, கையில் காசு எல்லாம் அதில் வரும். அந்தத் தாள் இல்லாமலே நீங்கள் அம்மாவிடம் கேட்கலாம். பென்ஷன் காசை யார் எடுக்கிறார்? ஏடிஎம் இரகசிய எண் அம்மாவுக்குத் தெரியுமா? கிணற்றடியில் பாசி இருக்கிறதா? கடைசியாக யாரோடு இருந்து சாப்பிட்டார்? இவற்றில் ஒன்று சரியானாலும் துக்கத்தைச் சுமக்கத் தெம்பு வரும்.

சில விஷயம் ஊர்தான் சரியாக்க வேண்டும். கணவர் இறந்தால் கல்யாண வீட்டில் முன்னுக்கு வரக்கூடாது, மஞ்சள் குங்குமத்தைத் தொடக்கூடாது என்று ஒதுக்குகிறோமே, அது ஒரு அம்மாவின் உறவு வட்டத்தை ஒரே நாளில் பாதியாக்குகிறது. உங்கள் அம்மா கோயிலுக்குப் போகாததற்கு மனம் மட்டும்தான் காரணமா, அல்லது யாராவது ஏதாவது சொன்னார்களா? நான் சந்தேகப்படுகிறேன். கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை வீட்டில் விசேஷம் வந்தால் அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். சொந்தக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அம்மாவிடம் அப்பாவின் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் இருக்குமே, அதை எடுத்து வையுங்கள். போனவரை மறக்க வைப்பதுதான் சிகிச்சை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது அப்படி இல்லை. உறவு வேறு உருவத்தில் தொடரலாம் என்பதை 1990களிலிருந்து ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் அதை முன்பே கல்வெட்டாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்கள். அதில் அப்பா பிறந்த ஊரும் வேலையும் வம்சமும் இருக்கும். இல்லாததை அம்மாவிடம் கேளுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், 2004 சுனாமியன்று எங்கே ஓடினீர்கள், அவர் எதற்குக் கோபப்படுவார்? போனில் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது சொத்து.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நம் மாவட்டத்தில் பிள்ளையைக் காணாமல் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வயதான தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தச் சிகிச்சையை அப்படியே கொண்டுபோகக் கூடாது. இறந்ததை ஏற்றுக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, உடலும் இல்லை, பதிலும் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அதைத் தெளிவில்லாத இழப்பு என்கிறார். அங்கே முடிவு காண முயல்வதில்லை. காத்திருந்துகொண்டே எப்படி உண்பது, உறங்குவது, மற்றப் பிள்ளைகளோடு இருப்பது என்பதுதான் வேலை. உங்கள் அயலில் அப்படி ஒரு தாய் இருந்தால் அவருக்கு உங்கள் அம்மாவோடு பேச நிறைய இருக்கும்.

எங்கே போவது? துக்கச் சிகிச்சை என்ற பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். ஆஸ்பத்திரியின் உளநலக் கிளினிக்குக்குப் போய், “அப்பா இறந்து எட்டு மாதம், அம்மா இப்படி இருக்கிறார்” என்று சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள், வீட்டுக்கு வரச் சொல்லியும் கேளுங்கள். யாரிடம் போனாலும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள், துணையை இழந்தவர்களோடு வாரா வாரம் தொடர்ந்து வேலை செய்த பழக்கம் இருக்கிறதா என்று. கிராமத்து முதியோர் சங்கம் சிகிச்சை இல்லை, ஆனால் மாதம் ஒரு நாள் உடுத்திக்கொண்டு வெளிக்கிட ஒரு காரணம். அம்மாவிடம் “கவுன்சிலிங்” என்று சொன்னால் பைத்தியத்துக்கா என்பார். “நித்திரையைப் பற்றிக் கதைக்க” என்று கூட்டிக்கொண்டு போங்கள். அது பொய்யும் இல்லை.

“அவரோட நானும் போயிருக்கலாம்” என்று அம்மா சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் போல இருக்கிறதா, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. குளிசை சேர்த்து வைத்தால், சாப்பாட்டையே நிறுத்தினால், சாமான்களைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு இரவிலும் எடுக்கலாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி இப்போது வற்புறுத்த வேண்டாம். அவர் பழகிய கிணறும் முற்றமும் அங்கேதான், நடக்கும் சத்தம் கேட்பதும் அங்கேதான். நீங்கள் வாரத்தில் ஒரு இரவு அங்கே போய்ப் படுங்கள், எந்த நாள் என்று முன்னமே சொல்லிவிட்டு. அண்ணாவிடமும் நேரம் குறித்து எடுக்கச் சொல்லுங்கள், எடுத்ததும் “சாப்பிட்டீங்களா” என்று விசாரிக்காமல் அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். ஆட்டத்திவசத்துக்கு, அதாவது ஒரு வருடத் திவசத்துக்கு, இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த நாள் நெருங்க நெருங்க மறுபடி கனக்கும், அது பின்னடைவு இல்லை. படையலுக்கு என்ன கறி, யார் யாருக்குச் சொல்வது என்று இப்போதே அம்மாவிடம் கேட்கத் தொடங்குங்கள், அவர் சொல்லும்போது ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பிடித்த மீன் எது என்பது அவருக்குத்தான் தெரியும்.